நடுங்காத படம்

(எமது சங்க மண்டபத்தில் நடைபெற்ற வாலிபர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





இம்மேடையிலே சமயத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் சொற்பொழிவுகள் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளோ வேறு. கைத்தொலைபேசியினாலோ சிறிய கமராவினாலோ வீடியோப் படம் எடுக்கும்போது, அது ஆடாமல் அசையாமல் அமைவது எப்படி என்பதே அது. அதிலும், பணம் அதிகம் இல்லாதவர் அதைச் செய்வது எப்படி என்பதே என் பேச்சு. "சைவ வாலிபர்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு என்பதைக் காட்ட, முதலில் என்னுடைய பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் அயலிலுள்ள கோயில் ஒன்றிலே கந்தபுராண படனம் நடந்தது. ஒருவர் செய்யுளை வாசிக்க, முதியவர் ஒருவர் பயன் சொன்னார். எண்பது வயதைக் கடந்தவர் அவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியிலே வைத்துவிட்டு, நினைவிலிருந்தே பொருள் விரித்துச் சொல்வார். அந்தக் குரலையும் அந்த முகபாவத்தையும் காப்பாற்றி வைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு, கூட்டத்தின் பின்னாலே நின்று, ஒரு கையால் தொலைபேசியை உயர்த்திப் பிடித்து, முகம் பெரிதாய்த் தெரியட்டும் என்று சூம் செய்து, 40 நிமிடம் படம் எடுத்தேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக எண்ணி வீட்டுக்குப் போனேன். எடுத்ததைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அடுத்த வருடம் அப்பெரியவர் சிவபதமடைந்தார். அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்த அன்று மாலை, என்னிடம் படம் இருக்கிறதென்று கேள்விப்பட்ட வீட்டார் அதைப் பெரிய தொலைக்காட்சியிலே போட்டுக் காட்டும்படி கேட்டனர். போட்டேன். படம் கடலில் அகப்பட்ட தோணி போல ஆடியது. ஐந்து நிமிடத்திலே பிள்ளைகள் எழுந்து போயினர். பத்து நிமிடத்திலே பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். அவருடைய மனைவியார் மட்டும் இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு மெல்லச் சொன்னார்: "தம்பி, ஒருக்கா நிப்பாட்டு மோனை. அவற்றை முகத்தை வடிவாப் பாப்பம்."

நிறுத்தினேன். நிறுத்திய படத்திலும் முகம் இல்லை. நீர்பட்ட மை போலக் கலங்கிய ஓர் உருவந்தான் இருந்தது. முன்னே தள்ளி நிறுத்தினேன். பின்னே தள்ளி நிறுத்தினேன். 40 நிமிடத்திலே தெளிவான ஒரு முகம் எனக்கு அகப்படவில்லை. அந்த அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. "பறவாயில்லை" என்று எழுந்து உள்ளே போனார். அந்தச் சொல் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

அன்பர்களே, இது பெரிய கமரா இல்லாத குறையன்று. என்னிடமிருந்த அதே தொலைபேசியைக் கொண்டு, ஒரு சதமும் செலவு செய்யாமல், நல்ல படம் எடுத்திருக்கலாம். அறிவுதான் இருக்கவில்லை. அந்த அறிவைத் தேடிப் பெற்றதையே இன்று உங்களோடு பங்கிட்டுக்கொள்ள வந்திருக்கிறேன்.

படம் ஏன் ஆடுகிறது?

முதலில் நோயின் மூலத்தை அறிவோம். உங்கள் கையிலே இன்றைய அழைப்பிதழ் இருக்கிறது. அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, தலையை இடமும் வலமும் விரைவாக அசைத்துப் பாருங்கள். எழுத்தை வாசிக்க முடிகிறது. இப்பொழுது தலையை நிறுத்திவிட்டு, அழைப்பிதழை அதே வேகத்தில் அசைத்துப் பாருங்கள். எழுத்துக் கலங்குகிறது அல்லவா? தலை வலப்பக்கம் திரும்பினால், உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு அதை உணர்ந்து, அக்கணமே கண்ணை இடப்பக்கம் திருப்புகிறது. ஆதலால் நாம் நடந்தாலும் ஓடினாலும் உலகம் நமக்கு ஆடாமல் தெரிகிறது. முற்றத்துக் கோழியைக் கையிலே பிடித்து உடலை மேலும் கீழும் அசைத்தால், தலை மட்டும் வெளியிலே கட்டிவைத்தது போல ஓரிடத்தில் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அதுவும் இவ்வகைப்பட்ட ஏற்பாடே. கமராவுக்கு அத்தகைய உட்காது இயல்பாக இல்லை. நமது கை ஆடினால் அதுவும் ஆடும். அதனால், எடுக்கும்போது நமக்குத் தெரியாத ஆட்டம், பார்க்கும்போது தெரிகிறது.

ஆரோக்கியமான மனிதனுடைய கையும் நடுங்கவே செய்கிறது. செக்கனுக்கு ஏறக்குறைய 8 முதல் 12 தடவை நுண்ணிய நடுக்கம் எல்லோர் கையிலும் உண்டு. அதன்மேல் மூச்சு, இதயத் துடிப்பு, கை சோருதல், நடந்தால் காலடி ஆகியன சேருகின்றன.

இவ்வாட்டத்தில் இரண்டு வகை உண்டு. கமரா முழுவதும் ஓர் அங்குலம் பக்கவாட்டில் நகருவது ஒருவகை. நின்ற இடத்திலேயே சற்றுத் திரும்புவது, அல்லது சரிவது, மற்றொரு வகை. முன்னையது சிறு குற்றம். பின்னையதே பெருங் குற்றம். கமரா ஒரு சென்ரிமீற்றர் நகர்ந்தால், அது பார்க்கும் இடமும் ஒரு சென்ரிமீற்றர்தான் நகரும். ஆனால் கமரா ஒரு பாகை திரும்பினால், 10 மீற்றர் தூரத்தில் அது பார்க்கும் இடம் 17 சென்ரிமீற்றர் விலகிவிடும். ஆகவே நாம் அடக்க வேண்டிய முதல் எதிரி திரும்புதலே.

நான் சூம் செய்த பிழை எத்தகையது என்பதை இனிக் கணக்கிட்டுப் பார்ப்போம். தொலைபேசியின் சாதாரண வில்லை பக்கவாட்டில் சுமார் 65 பாகை அகலத்தைக் காண்கிறது. ஐந்து மடங்கு சூம் செய்தால் அது ஏறக்குறைய 15 பாகையாகக் குறுகும். ஒரு மீற்றர் அகலமான தொலைக்காட்சியில் பார்க்கும்போது, கை ஒரு பாகை அசைந்தால் முதலாவதில் படம் ஒன்றரைச் சென்ரிமீற்றர் ஆடும். இரண்டாவதில் 6 சென்ரிமீற்றருக்கு மேல் ஆடும். கை அதே கைதான். சூம் அந்த நடுக்கத்தையும் சேர்த்துப் பெருக்கிவிட்டது. முகம் பெரிதாக வேண்டுமானால், நாமே எழுந்து கிட்டப் போயிருக்க வேண்டும். காலால் போகவேண்டிய தூரத்தை விரலால் போக முயல்வது இக்கலையிலே முதற் பிழை.

செலவில்லாத வழிகள்

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்பது நம் முதுமொழி. படத்துக்குச் சுவர் நமது உடம்பே. ஆகவே உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்பதை முதலிற் பழக வேண்டும்.

தொலைபேசியை இரண்டு கையாலும், அகலவாட்டில் பிடியுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். நீட்டிய கையானது காற்றில் ஆடும் கிளை. மடித்து உடம்போடு சேர்த்த கை அடிமரத்தோடு ஒட்டியது. கால்களைத் தோளகலத்துக்கு விரித்து, முழங்காலைச் சற்றே தளர்த்தி நில்லுங்கள். மூச்சை அடக்கித் திணற வேண்டாம். மெதுவாகவும் ஆழமின்றியும் மூச்சு விடுங்கள்.

நிற்பதிலும் சாய்ந்து நிற்பது நல்லது. சாய்ந்து நிற்பதிலும் அமர்வது நல்லது. எங்கள் கோயில்களிலே தூணுக்குப் பஞ்சமில்லை. தூணிலே தோளைச் சாய்த்து நின்றால் ஆட்டத்தில் பெரும்பகுதி அற்றுப்போகும். அதைவிட நல்லது, சம்மணம் கொட்டி இருந்து, முழங்கைகளை முழங்கால்களிலே ஊன்றிக்கொள்வது. அன்றைக்கு நான் கூட்டத்தின் முன்னே போய்த் தரையிலே இருந்திருந்தால், சூமும் வேண்டியிருக்காது, கை சோர்ந்துமிராது, பின்னால் இருந்தவர்களுக்கும் மறைத்திராது.

கமராவுக்குக் கழுத்துப் பட்டி உண்டாயின், அதைக் கழுத்திலே மாட்டி, பட்டி விறைக்கும் வரை கமராவை முன்னே தள்ளிப் பிடியுங்கள். இரண்டு கையும் கழுத்தும் ஆக மூன்று இடத்திலே அது பிணிக்கப்படும். மூன்று காலில் நிற்பது ஆடாது என்பது நாம் அறிந்த உண்மையன்றோ?

சிறிய துணிப்பை ஒன்றிலே ஒரு கிலோ பயறு போட்டு வாயைத் தைத்துவிடுங்கள். மதிலின்மேலோ, கதிரையின் முதுகிலோ, படிக்கட்டிலோ அதை வைத்து, அதன்மேல் தொலைபேசியை அழுத்தினால், பயறு விலகி இடங்கொடுத்து அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்தபின் பயற்றைச் சமைத்தும் உண்ணலாம்! இதற்குமேற் சிக்கனம் எவரும் சொல்ல முடியாது.

இனி, எடுக்கும் முறையைச் சொல்லுகிறேன். எந்தக் காட்சியையும் குறைந்தது 10 செக்கன் அசையாது எடுங்கள். மனத்துக்குள்ளே எண்ணுங்கள். பழகாதவர் கமராவைத் தண்ணீர்க் குழாய் போல அங்குமிங்கும் வீசுவர். கோபுரத்தைக் காட்டி, உடனே சனத்தைக் காட்டி, மறுபடி கோபுரத்தைக் காட்டுவர். பார்ப்பவருக்கு ஒன்றும் மனத்திற் பதியாது. பக்கவாட்டில் திருப்பியே ஆகவேண்டுமானால், முடியும் இடத்தை நோக்கிக் கால்களை முதலில் வைத்துக்கொண்டு, இடுப்பைத் திருகித் தொடங்கும் இடத்துக்கு வந்து, அங்கிருந்து மெல்ல அவிழ்ந்து வாருங்கள். அப்போது முடிவிலே உடம்பு இலகுவாக இருக்கும்; படம் தள்ளாடாமல் நிற்கும். படத்தின் ஓர் ஓரத்திலே தோன்றிய தூண் மறு ஓரத்தைச் சேர 7 செக்கனாவது செல்லட்டும்.

தேர்த்திருவிழாவிலே நடந்துகொண்டு படம் எடுப்பவர் பலர். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே. தேர் நகருகிறது, ஆதலால் நாம் நகர வேண்டியதில்லை. வீதியின் திருப்பத்திலே முன்கூட்டியே ஓரிடத்தைப் பிடித்து, அகலமாக வைத்து, தேர் தானாகவே படத்துக்குள் வந்து தானாகவே வெளியே செல்ல விட்டுவிடுங்கள். தேரின் பெருமை அப்பொழுதுதான் தெரியும்.

சிறு செலவில் செய்யும் கருவிகள்

முதலாவது கருவி ஒரு கயிறு. ஆம், வெறுங் கயிறுதான்! கமராவின் அடியிலே முக்காலியைப் பூட்டுவதற்கென ஒரு துளை இருக்கிறது. உலகெங்கும் அதற்குக் கால் அங்குலப் புரியாணியே அளவு. அங்குலத்துக்கு 20 புரி. அந்த அளவான போல்ற் ஒன்றை வாங்கி, அதன் தலையிலே கயிற்றைக் கட்டி, கமராவின் அடியிலே பூட்டுங்கள். கயிற்றின் மறுமுனை தரையிற் படட்டும். அதைக் காலால் மிதித்துக்கொண்டு, கயிறு விறைக்கும் வரை கமராவை மேலே இழுத்துப் பிடியுங்கள். மேலும் கீழும் ஆடும் ஆட்டம் அடங்கிவிடும். இரண்டு கயிறு கட்டி இரண்டு காலாலும் மிதித்தால், முக்கோணம் போலாகிப் பக்கவாட்டு ஆட்டமும் குறையும். வேலை முடிந்தபின் சுருட்டிச் சட்டைப்பையிலே போடலாம்.

இதிலே இரண்டு எச்சரிக்கைகள். கடையிலே 6 மில்லிமீற்றர் போல்றை எடுத்துத் தந்து, "இதுவும் அதுவும் ஒன்றுதான்" என்பார்கள். ஒன்றன்று. கால் அங்குலம் 6.35 மில்லிமீற்றர், புரியின் இடைவெளியும் வேறு. அது இறுகாது, கமரா கீழே விழும், வலிந்து பூட்டினால் துளையின் புரி கெடும். இரண்டாவது, கமராவின் துளை ஆழமற்றது. போல்றை அளவுமீறி முடுக்கினால் அடித்தட்டுப் பழுதாகும். ஆகவே நட்டும் வாசரும் இட்டு, உள்ளே போகும் நீளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியிலே துளை இல்லை. அதற்கு இத்துளையோடு கூடிய பிடிகள் மலிவாக விற்கின்றன.

இரண்டாவது கருவியைச் சொல்லுமுன் ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலே கறெற் பிறவுண் என்னும் படப்பிடிப்பாளர் 1970ஆம் ஆண்டுகளிலே 'ஸ்ரெடிகாம்' என்னும் கருவியை அமைத்தார். அதற்கு முன்னர், நகரும் காட்சியை ஆடாமல் எடுக்கத் தண்டவாளம் போட்டு அதன்மேல் வண்டியை உருட்ட வேண்டியிருந்தது. பிறவுண் தமது நண்பியைப் பிலடெல்பியா நகரக் கலைக்கூடத்தின் படிகளிலே ஓடவிட்டு, தாமும் உடன் ஓடிப் படம் எடுத்துக் காட்டினார். படம் மிதந்து சென்றது. அதே படிகளிலே குத்துச்சண்டை வீரன் ஓடி ஏறும் காட்சி 1976இல் வெளிவந்த 'றொக்கி' படத்திலே இக்கருவியால் எடுக்கப்பட்டது. அவ்வருடமே வெளியான 'பவுண்ட் ஃபோர் குளோறி' என்னும் படத்திலும் இது பயன்பட்டது. 1978இல் இக்கண்டுபிடிப்புக்கு ஒஸ்கார் விருது கிடைத்தது.

இக்கருவியின் தத்துவம் என்ன? நாம் அறியாததன்று. கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் நடக்கும்போது நீண்ட கழியைக் குறுக்கே பிடிக்கிறான். ஏன்? அகப்பைக் காம்பை நடுவிலே பிடித்துத் திருப்பிப் பாருங்கள், உடனே திரும்பும். உலக்கையை நடுவிலே பிடித்துத் திருப்பிப் பாருங்கள், திரும்ப மறுக்கும். பாரம் நடுவை விட்டு எவ்வளவு தூரம் விலகியிருக்கிறதோ, அவ்வளவுக்கு அப்பொருள் திரும்புதலை எதிர்க்கும். திரும்புதலே நமது முதல் எதிரி என்று முன்னர்ச் சொன்னேன். இந்நாளைத் தொலைபேசியோ சிறியது, பாரமற்றது. ஆதலால் கையின் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் இசைந்து ஆடுகிறது. கமராவை ஒரு கோலின் மேல்முனையிலும், அதற்கு எதிராகப் பாரத்தைக் கீழ்முனையிலும் வைத்து, இரண்டுக்கும் நடுவே நிறை சமன்படும் இடத்துக்குச் சற்று மேலே பிடித்தால், கை நடுங்கினாலும் கமரா திரும்பாது. பிறவுண் செய்த கருவியிலே, கையின் அசைவு கோலுக்குச் செல்லாதபடி எப்பக்கமும் சுழலும் மூட்டும், பாரத்தைத் தாங்கும் வில்லுக்கையும், அதை உடம்போடு பிணிக்கும் அங்கியும் உண்டு. ஆயினும் அடிப்படை இதுவே.

அதன் விலையோ பல ஆயிரம் டொலர். ஆனால் 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில், கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்திலே மாணவராயிருந்த ஜொனி சுங் லீ என்பவர், இரும்புக் குழாய்த் துண்டுகளும், அவற்றைப் பொருத்தும் மூட்டுகளும், உடற்பயிற்சிக்குரிய ஒரு பாரத்தட்டும், சில போல்றுகளும் கொண்டு, 14 டொலர் செலவிலே கைக்கருவி ஒன்றைச் செய்து, செய்முறையை யாவரும் அறிய வெளியிட்டார். பலர் அதைப் பார்த்துத் தாமும் செய்தனர். மாணவர் ஒருவர் தமக்குத் தேவையானதைத் தாமே செய்து, அதை மறைக்காமல் பிறருக்கும் கொடுத்தாரே, அதுதான் நமது சங்கத்து வாலிபர் கவனிக்க வேண்டியது.

நாம் இன்னும் எளிதாகச் செய்யலாம். ஒன்றரை அடி நீளமான எஸ்லோன் பைப் துண்டு ஒன்றை எடுங்கள். மேல்முனையிலே தொலைபேசிப் பிடியைப் பூட்டுங்கள். கீழ்முனையிலே மணல் நிறைத்த சிறு போத்தலை இறுகக் கட்டுங்கள். ஒரு விரலின்மேல் குறுக்காக வைத்து, நிறை சமன்படும் இடத்தைக் கண்டு கோடிட்டு, அதற்கு ஒரு விரல் அகலம் மேலே இரண்டு விரலாலும் பெருவிரலாலும் இலேசாகப் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்தால் கையின் நடுக்கம் கோலுக்கும் போய்விடும். சரியாக அமைந்ததா என்பதை அறிய ஒரு சோதனை உண்டு. பிடித்த இடத்தில் விரலைத் தளர்வாக வைத்துக் கோலைக் குறுக்காகச் சரித்து விடுங்கள். அது 2 அல்லது 3 செக்கனில் மெல்ல நிமிர்ந்து நிற்க வேண்டும். உடனே நிமிர்ந்தால் கீழ்ப்பாரம் மிகுதி. நடக்கும்போது ஊசல் போல ஆடும். நிமிரவே இல்லையானால் கீழ்ப்பாரம் போதாது. வீட்டிலே முக்காலி இருப்பின், செய்யவும் வேண்டாம். அதன் கால்களை மடக்கிவிட்டு, கமராவைப் பூட்டியபடியே சமன்படும் இடத்திலே பிடித்து நடந்தால் அதுவே போதும்.

நடக்கும்போது முழங்காலைச் சற்று மடித்து, குதிகாலை முதலில் வைத்து, பாதத்தை உருட்டி நடவுங்கள். விளிம்பு மட்டும் தண்ணீர் நிறைத்த செம்பைக் கையிலேந்தி, முற்றத்தைச் சிந்தாமல் சுற்றி வருவதே இதற்குப் பயிற்சி. நம் தாய்மார் கிணற்றடியிலிருந்து குடத்தைச் சுமந்து வந்த நடைதான் இது. அவர்களைக் கேட்டாற் சொல்லித் தருவார்கள்.

உருளை வைத்த எதுவும் நமக்கு உதவும். 1960இல் வெளியான 'பிரெத்லெஸ்' என்னும் பிரெஞ்சுப் படத்திலே, படப்பிடிப்பாளர் ராவுல் கூத்தார் சக்கர நாற்காலியிலே அமர்ந்திருக்க, அதைத் தள்ளிச் சென்றே நகரும் காட்சிகள் சிலவற்றை எடுத்தனர். உலகம் போற்றும் படத்துக்கே அது போதுமானால் நமக்குப் போதாதா?

கருவிக்குள் உள்ள உதவி

இக்காலத் தொலைபேசிகளிலே ஆட்டத்தைத் தணிக்கும் ஏற்பாடு உள்ளே இருக்கிறது. சிலவற்றில் வில்லையே நுண்ணிதாக நகர்ந்து ஆட்டத்தை ஈடுசெய்யும். மற்றவற்றில் படத்தின் ஓரங்களை வெட்டி, எஞ்சியதை நகர்த்தி நேராக்குவர். எடுத்த பின்னரும் கணினியிலே இவ்வாறு நேராக்கலாம். 'டாவின்சி றிசோல்வ்' என்னும் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இவ்வசதி உண்டு. ஓரம் வெட்டுப்படுமாதலால், எடுக்கும்போதே சுற்றிலும் சற்று இடம் விட்டு எடுங்கள்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். இவ்வாறு நேராக்குவது படத்தின் ஆட்டத்தை நீக்குமேயன்றி, ஒவ்வொரு படத்திலும் படிந்துவிட்ட கலங்கலை நீக்காது. அந்தப் பெரியவருடைய முகம் கலங்கியது இதனாலேதான். மண்டபத்திலே வெளிச்சம் குறைவு. வெளிச்சம் குறைந்தால், தொலைபேசி ஒவ்வொரு படத்துக்கும் நெடுநேரம் ஒளியை உள்ளே விடும். அந்த நேரத்திலே கை அசைந்தால், அசைந்த தூரம் முழுவதும் முகம் பூசப்பட்டுவிடும். செக்கனுக்கு 25 படம் எடுக்கும்போது, ஒளியை விடும் நேரம் செக்கனில் 50இல் ஒரு பங்காக இருப்பது வழக்கம். நிறுத்திப் பார்த்தாலும் முகம் தெளிவாக இருக்கவேண்டுமானால், 100இல் ஒரு பங்காக வையுங்கள். நமது நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று ஆதலால், இவ்விரண்டு அளவிலும் மின்விளக்கு மினுங்குவதும் படத்திலே தெரியாது. ஆனால் நேரத்தைக் குறைத்தால் வெளிச்சம் வேண்டும். ஆகவே பேசுபவரை யன்னலோரம் அல்லது விறாந்தையிலே, வெளிச்சம் முகத்திற் படும்படி இருத்துங்கள். சூரியன் பணம் கேட்பதில்லை.

விரைவாக அசைத்தால் கோபுரமும் தூணும் களி போல நெளிவதையும் கண்டிருப்பீர்கள். கமரா படத்தை ஒரே கணத்தில் எடுக்காமல், மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிப்பதே அதற்குக் காரணம். இதற்கும் மருந்து, அசைக்காதிருப்பதே.

சுழலி வைத்த மின்பிடிகள் இன்று கடைகளிலே கிடைக்கின்றன. நல்லவைதான். ஒருவர் தனியே வாங்கமுடியாவிடின், சங்கத்துக்கு ஒன்று பொதுவாக வாங்கலாம். ஆனால் அது இல்லை என்பதற்காக ஒரு நாளையும் பின்போடாதீர்கள்.

செய்யத்தகாதன

கோயிலிலே படம் எடுப்பவர்க்குச் சில ஒழுக்கங்கள் உண்டு. முதலில் உரியவரிடம் அனுமதி கேளுங்கள். மூலஸ்தானத்தை எடுக்கக்கூடாது என்றால் எடுக்காதீர்கள். தீபாராதனை நேரத்திலே கும்பிடுபவர் முன்னே தொலைபேசியை உயர்த்தி மறைக்காதீர்கள். கோலையும் கயிற்றையும் சனக்கூட்டத்துக்குள் கொண்டுசெல்லாதீர்கள். குழந்தைகள் தடுக்கி விழுவர். வீட்டிலே முதியவரை எடுப்பதாயின் அவருடைய விருப்பத்தைக் கேட்டு, களைப்புற்றால் நிறுத்திவிடுங்கள். படம் நிலையாக இருப்பதற்கு முன்னர், எடுப்பவர் நிலையாக இருக்க வேண்டும்.

எடுத்த அன்றைக்கே அதைப் பார்த்துவிடுங்கள். நான் அன்று பார்த்திருந்தால், அடுத்த நாளே திரும்பப் போய் எடுத்திருப்பேன். பெரியவர் இருந்தார், படனமும் தொடர்ந்து நடந்தது. பார்த்தபின் இரண்டு இடங்களிலே பிரதி வையுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் எரிந்தன. ஒன்றையே ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதை எம்மவர்க்குப் பிறர் சொல்ல வேண்டியதில்லை.

நிறைவுரை

1849இல் ஆறுமுக நாவலர் அவர்கள் வண்ணார்பண்ணையிலே அச்சியந்திரசாலையை நிறுவினார்கள். அச்சியந்திரம் அந்நாளிலே புதுமையான கருவி. கருவி புதியது என்று அவர்கள் ஒதுக்கவில்லை. அதைக் கொண்டு பழையதைக் காப்பாற்றினார்கள். ஓலையிலே இருந்ததை அவர்கள் காகிதத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்று ஓலையிலும் இல்லாமல், காகிதத்திலும் இல்லாமல், சில முதியவர்களுடைய நாவிலும் கையிலும் மட்டும் இருப்பவை உண்டு. பயன் சொல்லும் முறை, மார்கழி விடியலிலே சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடி வரும் முறை, சப்பறம் கட்டும் கை, கோலம் போடும் கை ஆகியவை அத்தகையன. நம் வாலிபர் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் ஒரு கமரா இருக்கிறது. இனி வேண்டுவது அசையாத கை ஒன்றுதான்.

ஆகவே நான் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். நம்மூரிலே எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களின் பெயர்களை எழுதுவோம். வாலிபர் இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் படம் எடுக்க, மற்றவர் இன்னொரு தொலைபேசியை அப்பெரியவர் அருகிலே வைத்துக் குரலைப் பதிய, மாதத்துக்கு ஒருவரையாவது எடுப்போம். முதல் மூன்று வாரமும் குத்துவிளக்கையும் யன்னலையும் எடுத்துப் பழகுவோம். யன்னலின் நேர்க்கோடுகளே கையின் நடுக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக ஒரு சொல். சென்ற மார்கழியிலே, திருவெம்பாவை பாடி முன்செல்லும் முதியவர் ஒருவரை, நானும் சங்கத்துப் பையன் ஒருவனும் போய் எடுத்தோம். விறாந்தையிலே வெளிச்சம் படும்படி அவரை இருத்தி, பயற்றுப் பையைக் கதிரை முதுகில் வைத்து, சூம் செய்யாமல், கிட்ட இருந்து எடுத்தோம். அன்றிரவே தொலைக்காட்சியிலே போட்டு, நடுவிலே ஓரிடத்தில் நிறுத்தினேன். நெற்றியிலே திருநீற்றின் மூன்று குறியும், கண்ணோரத்துச் சுருக்கங்களும் தெளிவாகத் தெரிந்தன. பக்கத்திலிருந்த பையன், "ஏன் நிப்பாட்டினீங்கள், அண்ணை?" என்று கேட்டான். நான் அவனுக்கு அந்த அம்மையாரின் கதையைச் சொன்னேன்.

அவருக்கு நான் கொடுக்க முடியாமற் போனதை, இன்னொரு வீட்டாருக்காவது நீங்கள் கொடுக்க வேண்டும் என்பதே என் ஆசை. அதற்கு எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பாராக.